"அடுத்த வாரம் வந்துருங்ணா"

ஜூலையில் காருக்கு முன்பணம் கட்டியாச்சு. பொள்ளாச்சி தாண்டி, கேரள எல்லையை ஒட்டின கோபாலபுரத்தில் எங்கள் நார் மில். பாலக்காட்டுக்கும் சித்தூருக்கும் தினம் ஓட்டம். டீசல் செலவு தாங்காமல்தான் கம்பெனி பேரில் எலெக்ட்ரிக் கார் புக் பண்ணினோம்.

"ஆகஸ்ட்ல வண்டி வந்துருங்ணா" என்றான் ஷோரூம் தம்பி. ஆகஸ்ட் போச்சு, ஆயுத பூஜையும் போச்சு. சந்தனம் வைக்க வண்டி இல்லை. அக்டோபர் கடைசியில்தான் சாவி கைக்கு வந்தது.

தாமதம் என்றால் வெறும் காத்திருப்பு மட்டுமா? வண்டி தேய்கிற கணக்கில் வருஷா வருஷம் லாபத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டலாம்; அதுதான் தேய்மானம். சாதாரண காருக்கு வருமான வரியில் வருஷத் தேய்மானம் 15 சதவீதம், எலெக்ட்ரிக்குக்கு 40. ஆனால் மார்ச் 31-க்குள் 180 நாளாவது வண்டி ஓடியிருக்க வேண்டும். குறைந்தால் அந்த வருஷம் பாதிதான். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு 6 லட்சம் கழிக்க வேண்டிய இடத்தில் 3 லட்சம். மீதி பின்னால் வரும் வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும், சரி. இந்த வருஷ வரியை இப்போதே அல்லவா கட்டணும்? ஆடிட்டர் காலண்டரை விரித்து, அக்டோபர் முதல் வாரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதற்குள் வந்திருந்தால் 180 நாள் தேறியிருக்கும் என்று காட்டினார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

ஷோரூமில் கேட்டால், "கம்பெனியிலிருந்தே லேட்டுங்ணா." புக்கிங் ரசீதில் டெலிவரி தேதி எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பணம் வாங்கின தேதி மட்டும் பளிச்சென்று முத்திரையோடு இருக்கிறது.