படிக்க முடியாத குறிப்பட்டைகள்

குயில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைகளுக்கென்றே அமைந்த ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்று, பாதி மனத்தோடு திரும்பினேன். அரங்கின் மங்கலான வெளிச்சத்தைக் குறை சொல்லமாட்டேன். சாயம் வெளிறாமல் இருக்க, துணிமீது விழும் ஒளியைச் சுமார் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வைப்பது அவசியம். ஆனால் அந்த அரையிருளில், முழங்கால் உயரத்தில், சாம்பல் நிற அட்டையில் கடுகளவு எழுத்தில் விவரங்களை வைத்தால் யார் படிப்பது? குனிந்தால் என் நிழலே எழுத்தை மறைக்கிறது. சற்று நெருங்கினால் காவலர் தள்ளி நிற்கச் சொல்கிறார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் தைத்த விவிலியப் போர்வையின் ஒவ்வொரு காட்சியும் இன்று நமக்குப் புரிவது, அதை வாங்கியவர் ஹேரியட் சொன்ன விளக்கத்தை எழுதிவைத்ததால்தான். குறிப்புக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

இன்னொரு மனக்குறை, பின்புறம். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் பிணைக்கும் தையலின் நேர்த்தி, நிறங்கள் கண்ணைப் பறிக்காத பின்பக்கத்தில்தான் தெளிவாகத் தெரியும். தைத்தவர் சில சமயம் தம் பெயரையும் ஆண்டையும் அங்கேதான் எழுதிவைப்பார். எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தார்கள். ஒரு மூலையையாவது மடித்துக் காட்டியிருக்கலாம், இல்லையேல் பின்புறத்தின் படத்தையாவது பக்கத்தில் வைத்திருக்கலாம்.