காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும்

ஞாயிற்றுக்கிழமை குமரி மாவட்டத்தில், ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில், நண்டு தின்னிப் பறவைகளைப் படமெடுக்க வந்த கூட்டத்தால் என்ன நடந்தது என்பது பறவை பார்க்கும் உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாளாக எல்லாக் குழுக்களிலும் அதே பேச்சுதான். நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஒருவர், "பறவையை மூன்று நாள் பூட்டி வைத்திருந்தவர் இவர்தான்" என்று, அது நிற்கும் இடத்தை நான் சொல்லாததைக் குத்திக்காட்டி, என் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்ததை நண்பர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். அதற்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்த ஒற்றை வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பறவை வந்த செய்தியைச் சொல்லுங்கள். அது நிற்கும் மணல் திட்டைச் சொல்லாதீர்கள். அது கிளம்பிப் போகும்வரையாவது சொல்லாதீர்கள். இதைத்தான் வியாழக்கிழமை சொன்னேன், சனிக்கிழமை சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாமா கூப்பிட்டார். என் அம்மாவின் தம்பி. 40 வருடம் கடலுக்குப் போனவர், முழங்கால் தளர்ந்த பிறகு, கரையில் நின்று இழுக்கும் கரமடி வலைக்குக் கயிறு பிடிக்க மட்டும் போகிறார். "மக்களே, பொழித் திட்டில் இரண்டு பறவை நிற்கிறது. இந்தக் கரையில் நான் பார்த்ததே இல்லை. உடம்பு வெள்ளை, முதுகு கறுப்பு, அலகு வெட்டுக்கத்தி மாதிரித் தடித்திருக்கிறது. ஒன்று நண்டு பிடித்துப் பிடித்து மற்றதற்குக் கொடுக்கிறது" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு பறவையைத் தொலைபேசியில் யாராலும் சொல்ல முடியாது. நண்டு தின்னி! டீயைப் பாதியில் வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

அதன் குடும்பத்தில் உலகத்திலேயே அந்த ஓர் இனம்தான் இருக்கிறது. பாரசீக வளைகுடா, ஓமன், செங்கடல் பக்கத்து மணல் கரைகளில், வெயில் கொளுத்தும் மாதங்களில், மணலுக்குள் நீளமாக வளை தோண்டி ஒற்றை முட்டை இடும். கரைப்பறவைகளில் இப்படி வளைக்குள் முட்டை வைப்பது வேறு எதுவும் இல்லை. குஞ்சு வளைக்குள்ளேயே இருக்கும், பெரியவை நண்டு கொண்டுவந்து ஊட்டும். இறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிய பிறகும் கைவிடாது. கடல் தாண்டி வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் கரையிலும் ஊட்டிக்கொண்டிருக்கும். கேரளத்துக் கடலுண்டியிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் தனுஷ்கோடியிலும் இதைப் பார்த்தவர்கள் உண்டு. 18 வருடமாக பைனாகுலரோடு திரியும் நான் எங்கள் பொழியில் பார்த்தது இதுவே முதல் தடவை. ஒன்று பெரியது. மற்றது அந்த வருடத்துக் குஞ்சு, முதுகில் இன்னும் சாம்பல் நிறம் மாறவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு பெரியதன் பின்னாலேயே ஓடியது.

மறுகரையில் தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அன்று மாலையே இங்கு எழுதினேன், "குமரிக் கடற்கரையில் நண்டு தின்னி" என்று. பூட்டி வைத்தவன் ஊரறிய எழுதுவானா? எந்தத் திட்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: அவை போன பிறகு சொல்கிறேன்.

ஒருவரை மட்டும் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். ஆறு வருடப் பழக்கம். சனிக்கிழமை காலை என் பக்கத்தில், அதே தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றீர்கள். நான் கேட்காமல் நீங்களாகவே சொன்னீர்கள். அன்று இரவு ஒன்பது மணிக்கு கூகுள் மேப்பில் புள்ளி வைத்து அனுப்பிவிட்டீர்கள். "நல்ல விஷயத்தைப் பகிர்ந்துகொள்வதில் என்ன தவறு" என்று இப்போது கேட்கிறீர்கள். பகிர்ந்துகொள்ள அது உங்களுடையதா? என்னுடையதும் இல்லை. மாமா பார்த்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நான் போனபோது 42 பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீர் ஏறியிருந்த நேரம். கரைப்பறவைகள் நீர் வடியும்போது மேயும், ஏறும்போது திட்டில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். ஆலாக்களும் கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஒரே திட்டில் நெருக்கியடித்து நின்றன, நடுவில் இவை இரண்டும். வேறு போக்கிடம் இல்லாத நேரம் அது. மூன்று பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் திட்டுக்கே போய்விட்டார்கள். ஒருவர் ட்ரோன் பறக்கவிட்டார். உட்கார்ந்திருக்கும் படம் போதாது, சிறகு விரித்த படம் வேண்டும் என்று ஓர் இளைஞர் ஈரமணலை உருட்டி எறிந்தார். பறவைக் கூட்டம் முழுவதும் எழும்பியது. கேமராக்கள் படபடவென்று அடித்தன. அது அடங்கித் திரும்ப உட்கார்ந்ததும் மறுபடியும் எறிந்தார். நான் சத்தம் போட்டேன். "நீங்கள் என்ன வனத்துறையா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை குஞ்சு மட்டும் நின்றது. செவ்வாய்க்கிழமை விடிந்து நான் போனபோது அதுவும் இல்லை.

படமெடுக்க வந்தவர்களால்தான் போனது என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. வலசைப் பறவை, அதுவாகவே போயிருக்கலாம். ஆனால் மூன்று நாள் பிரியாமல் நின்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஏன் தனித்தனியாகப் போயின என்று நான் கேட்கலாம் அல்லவா?

அடுத்த கேள்வி, ஒரு தடவை பறக்கவிட்டால் என்ன ஆகிவிடும்? 2022இல் பிறந்து ஐந்தே மாதம் ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில்தான் இறங்கியது. 11 நாள், 13,560 கிலோமீட்டர், நடுவில் எங்கும் தரை தொடவில்லை. நம் பறவை அவ்வளவு தூரம் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கரைப்பறவையும் வழிச்செலவுக்குத் தன் உடம்பில் சேர்த்த கொழுப்பைத்தான் எரிக்கிறது. நமக்குப் பொழுது போக அதை எழுப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுக்கிறோம்.

அறிவியலுக்குத் தரவு வேண்டும், மறைத்தால் தரவு போய்விடும் என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ஐயா, தரவு எங்கும் போகவில்லை. வியாழக்கிழமையே, பறவை பார்த்ததைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில் தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் பதிந்துவிட்டேன். பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்க அங்கேயே வழி இருக்கிறது. வேட்டைக்கும் தொந்தரவுக்கும் எளிதில் ஆளாகும் சில இனங்களின் இடத்தை அந்தத் தளம் தானாகவே மறைக்கிறது. நண்டு தின்னி அந்த வகை இல்லையே, அழியும் நிலையிலும் இல்லையே என்பீர்கள். சரிதான். உலக அளவில் அதற்கு இப்போது ஆபத்து இல்லை. ஆனால் ஒரு காலத்தில் சாதாரணமாகப் பார்த்த மெல்லிய அலகுக் கோட்டான் என்ற கரைப்பறவையை 1995இல் மொராக்கோவில் கடைசியாக உறுதியாகப் பார்த்தார்கள், 2025இல் அழிந்த இனம் என்று எழுதிவிட்டார்கள். அதை அழித்தது கேமரா இல்லை, வேட்டையும் ஈரநிலம் போனதும்தான். இருந்தாலும் பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான் பொறுப்பு வர வேண்டும் என்றால் அது என்ன பொறுப்பு?

புதிதாக வருகிறவர்களுக்கு வாய்ப்பு வேண்டாமா என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். இந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. எனக்கும் ஒருவர் சுசீந்திரம் குளக்கரைக்குக் கூட்டிப்போய்த்தான் காட்டினார். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு வருடாவருடம் பிள்ளைகளைத் தேரூருக்கும் புத்தளம் உப்பளத்துக்கும் நான் கூட்டிப்போகிறேன். பூநாரையும் கூழைக்கடாவும் பார்த்து அவர்கள் குதிப்பதைப் பார்க்கும்போது, இதைக் காட்டாமல் எதைக் காட்டுவது என்றுதான் எனக்கும் தோன்றும். டீச்சர், அடுத்த முறை ஐந்து பிள்ளைகளோடு வாருங்கள், தூரத்திலிருந்து நானே காட்டுகிறேன். 42 பேருக்குப் புள்ளி வைத்து அனுப்புவது அதுவல்ல.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது உப்பளத்து ஓரத்தில் ஆள்காட்டியின் கூட்டைப் பார்த்தேன். கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் தரையில் நான்கு கல்லுக்கு நடுவே நான்கு முட்டை. தலைக்கு மேல் அது கத்திக்கொண்டு சுற்றச் சுற்ற, இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை. பாட்டி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அந்த வெயிலில் திரும்ப நடத்திக் கூட்டிப்போனாள். வைத்துவிட்டேன். அது வந்து உட்காருகிறதா என்று பார்க்க அங்கேயே நின்றேன். "நீ நிற்கிறவரை அது வராது. உனக்கு அது தெரியாத தூரத்துக்குப் போ" என்றாள். போய்விட்டோம். அது வந்து உட்கார்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இழுக்கும்போதெல்லாம் பாட்டியின் அந்தக் கைப்பிடிதான் ஞாபகம் வருகிறது.

ஆள் வருகிறான் என்று மற்றப் பறவைகளுக்குக் கத்திச் சொல்வதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். பறவை நிற்கிறது என்று ஆட்களுக்குக் கத்திச் சொல்லும் நமக்கு என்ன பெயர் வைப்பது? காட்டுவது வேறு, காட்டிக்கொடுப்பது வேறு.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். "இவ்வளவு பேசுகிறீர்களே, அந்தப் பறவையை உங்கள் கடப்புறத்து ஆட்களே பிடித்துத் தின்றிருப்பார்கள்."

இதற்கு 30 பேர் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேரை எனக்கு நேரில் தெரியும். எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டவர்கள்.

அந்த மூன்று நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? வியாழக்கிழமை மாமா மற்றவர்களிடம் பேசி, திட்டுப் பக்கம் மடி வளைக்க வேண்டாம், கொஞ்சம் மேற்கே தள்ளி இழுப்போம் என்றார். பத்திருபது பேர் கூட்டாகக் கயிறு பிடிக்கிற தொழில். இடத்தை மாற்றினால் மீன்பாடு குறையலாம், அது எல்லோருடைய பங்கிலும் விழும். அப்படியும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. "பிள்ளையோடு வந்திருக்கிறது, நிற்கட்டும்" என்று ஒருவர் சொன்னதைக் காதால் கேட்டேன். யாரும் அவர்களுக்குச் சட்டம் சொல்லவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதை எல்லோரும் பெருமையாகப் பகிர்கிறீர்கள். எங்கள் ஆட்கள் மூன்று நாள் மடியைத் தள்ளி வளைத்தால் தின்றுவிட்டார்கள் என்கிறீர்கள்.

எங்கள் ஊரில் நாய் இல்லையா, குப்பை இல்லையா, பறவை அடித்தவர்கள் ஒருவர்கூட இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். நான் மறைக்கவில்லை. எந்த ஊரில் இல்லை? ஆனால் அன்று மணல் எறிந்தது யார்? ட்ரோன் யாருடையது?

இந்தப் பொழியை நீங்கள் போன வாரம்தான் கண்டுபிடித்தீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்து மணக்குடிப் பாலத்தையே பெயர்த்து எறிந்த இடம் இது. 2017இல் ஒக்கிப் புயலில் கடலில் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி எங்கள் பெண்கள் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இதே மாவட்டத்து இனயத்துக்கு என்று 2016இல் ஒப்புதல் கொடுத்த சரக்குப் பெட்டக மாற்று முனையம் என்ற துறைமுகத்தைப் பிறகு கன்னியாகுமரி பக்கத்துக் கோவளத்துக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவே கொண்டுவரப் பார்த்தபோது தெருவில் இறங்கியது யார்? கட்டுமரமும் வள்ளமும் வைத்திருக்கிறவர்கள். அந்த முனையம் வந்திருந்தால் இந்தத் திட்டு மிஞ்சியிருக்குமா, நீங்களே யோசியுங்கள். அன்று கையெழுத்துக்காக உங்களில் சிலரிடம் வந்தேன். "நாங்கள் அரசியல் பேசுவதில்லை, பறவை மட்டும்தான் பார்க்கிறோம்" என்றீர்கள். நான் கோபப்படவில்லை. இன்று கோபப்படுகிறேன்.

பறவையைப் பற்றி ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டான் என்பீர்கள். போகவில்லை. திட்டும் பறவையும் மடியும் மாமாவும் ஒரே கரையில்தான் இருக்கிறார்கள். நீங்கள்தான் லென்ஸுக்குள் பறவையை மட்டும் தனியே வெட்டி எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த வரியை மாமாவிடம் காட்டவில்லை. நேற்று மாலை அவரே கூப்பிட்டு, "அந்தக் குஞ்சு தனியாகப் போய்ச் சேர்ந்துவிடுமா மக்களே?" என்று கேட்டார். நண்டு பிடிக்கத் தெரிந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றேன். "செவ்வாய்க்கிழமை விடியுமுன் பார்த்தேன், ஒன்று பிடித்தது, நழுவவிட்டது, திரும்பவும் பிடித்தது" என்றார்.

அடுத்த கார்த்திகையில் அவை வந்தால் மாமா என்னைக் கூப்பிடுவார், நான் போவேன். பதிவும் போடுவேன், பங்குனி முடிந்த பிறகு.