கம்ப்யூட்டர் என்பது ஒரு காலத்தில் மனிதர்கள் பார்த்த உத்தியோகம்

ராதாநாத் சிக்தார் என்ற வங்காள இளைஞர் 1831-ல் ஆங்கிலேயர் நடத்திய நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் கம்ப்யூட்டர். வயது 18, மாதச் சம்பளம் 30 ரூபாய். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தச் சொல் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. இயந்திரத்தின் பெயராக அது நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான்.

அவர் போட்ட கணக்கு லேசுப்பட்டதல்ல. 1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம் எல்லா அளவுக்கும் ஆதாரமான முதல் நேர்கோட்டை அளந்து தொடங்கிய அளவைப் பணி, பல பத்தாண்டுகள் கழித்து இமயமலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. அதனால் நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் நின்று பல இடங்களிலிருந்து கோணம் அளந்தார்கள். காற்றில் ஒளி வளைந்து வரும், பூமியும் உருண்டை. இரண்டுக்கும் திருத்தம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியே உயரம் கண்டு, அப்புறம் சராசரி எடுக்க வேண்டும், எல்லாமே காகிதத்தில். 15-ஆம் சிகரம் என்று எண் மட்டும் வைத்திருந்த அந்த மலைக்குக் கிடைத்த உயரம் 29,002 அடி. 2020-ல் செயற்கைக்கோள் துணையோடு அளந்து அறிவித்ததற்கும் இதற்கும் சுமார் 30 அடிதான் வித்தியாசம்!

மலைக்கு எவரெஸ்ட் என்று அளவைத் துறையின் பழைய தலைமை அதிகாரியின் பெயரை வைத்தார்கள். சிக்தார் 1870-ல் இறந்தார். அவர் எழுதிய பகுதிகள் உள்ள அளவைக் கையேட்டின் 1875 பதிப்பில் அவர் பெயரையே எடுத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 25, 30 சென்ட் கூலிக்குக் கம்ப்யூட்டர்களாக இருந்தவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவரான ஹென்ரியட்டா லீவிட் 1912-ல் கண்ட, நட்சத்திரங்களின் தூரத்தைக் கணக்கிட உதவும் விதியை வைத்துத்தான் பிறகு வானியலாளர் ஹப்பிள், ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் கூட்டம் நம் பால்வெளிக்கு வெளியே இருக்கிறது என்று காட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கணக்கிட்ட பெண் கம்ப்யூட்டர்களிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி எடுத்துத்தான் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைக்க வைத்தார்கள். 1946-ல் அந்த இயந்திரத்தை உலகுக்குக் காட்டிய அன்று நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவே இல்லை.

நம் பிள்ளைகளுக்குக் கணினி வரலாறு என்றால் அபாகஸ், பாபேஜ், அப்புறம் நேராக எனியாக். இயந்திரத்தின் பரம்பரை மட்டும்தான். பாடத்தின் முதல் பக்கத்திலேயே சிக்தார் பெயர் வர வேண்டும், லீவிட் பெயரும், அந்த ஆறு பெண்களின் பெயர்களும் வர வேண்டும். கணினி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், புத்தகத்தில் வரும்வரை காத்திருக்காதீர்கள், அடுத்த வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.