அந்த ஆன்ட்டி பொய் சொல்லவில்லை

நேற்று ராத்திரி நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பைக்கில் வந்தவன் ஆன்ட்டியின் செயினை அறுத்துக்கொண்டு போகும் மங்கலான சிசிடிவி வீடியோ, அதற்குக் கீழேயே தண்ணீர் கேன் போடும் பையனின் போட்டோ. "இவனா பாருங்க ஆன்ட்டி." பத்தே நிமிஷத்தில் பதில்: "இவனேதான்."

ஆன்ட்டி பொய் சொல்லவில்லை. கழுத்தில் செயின் அறுத்த கோடு சிவந்திருக்கும் ஒருவரை நான் ஏன் திட்டப் போகிறேன்? முகத்தைக் காட்டியது நாம். ஒரே ஒரு முகத்தைக் காட்டி 'இவனா' என்று கேட்டால், இருட்டில் பைக்கில் போனவனுக்கு மனசே அந்த முகத்தைப் பொருத்திவிடும். அப்புறம் கோர்ட்டிலும் சத்தியம் பண்ணிச் சொல்வார், முழுசாக நம்பியே சொல்வார்.

அடையாள அணிவகுப்பு எதற்கு இருக்கிறது? மாஜிஸ்திரேட் முன்னால், அதே வயது, அதே உடல்வாகு உள்ளவர்களோடு நிறுத்தி, விசாரிக்கும் போலீஸ் பக்கத்தில் இல்லாமல் கேட்பது எதற்கு? முன்னாலேயே போட்டோ காட்டிவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பில்லை. நாளைக்கு உண்மையான திருடனே பிடிபட்டாலும் அவன் வக்கீல் நீட்டப் போவது நம் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான்.

"உங்க அம்மா செயினா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" பேசுவேன். என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் இதுதான் நடந்தது. ஸ்டேஷனில், நகையைப் பறிகொடுத்த அம்மா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தார். "இவன்தான்" என்றார். எங்கள் அம்மா டிபன் பாக்ஸோடு விடிய விடிய வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அடகுக் கடையில் வேறு ஒருத்தன் மாட்டினான். அண்ணனிடம் "போ" என்றார்கள், அவ்வளவுதான். இன்றுவரை அண்ணன் கட்டம் போட்ட சட்டை போடுவதில்லை.

சிசிடிவி இருக்கிறதே என்பவர்கள் அதில் மூக்கு எங்கே என்று காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

அப்போ கண்ணால் பார்த்த சாட்சியே வேண்டாமா? இதைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்து வீட்டுக்காரனை அடையாளம் காட்டுவது வேறு, முன்பின் தெரியாதவனைக் காட்டுவது வேறு. 1984-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜெனிஃபர் தாம்சன் என்ற மாணவி, தன்னைச் சீரழித்தவனின் முகத்தை எப்படியாவது பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றே மனசில் பதித்துக்கொண்டார். காட்டியது ரொனால்ட் காட்டன் என்ற நிரபராதியை. மறுவிசாரணையில் உண்மையான குற்றவாளியையே கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள், "இவனைப் பார்த்ததே இல்லை" என்றார். டிஎன்ஏ சோதனை 1995-இல் காட்டனை வெளியே கொண்டுவந்தபோது பத்து வருஷத்துக்கு மேல் போயிருந்தது. அவ்வளவு கவனமாகப் பார்த்தவருக்கே அந்தக் கதி. நம் தெருவில் நடந்ததோ ரெண்டு விநாடி, அதுவும் பின்னாலிருந்து.

காட்டனுக்காவது வக்கீல் இருந்தார். இந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? நாலு மாடி கேன் தூக்குகிறவன் என்பதால்தானே அவன் போட்டோ உங்கள் கைக்கு முதலில் வந்தது? மாடியில் இருக்கிற ஐடி பையன் போட்டோவைப் போட்டிருப்பீர்களா?

இன்று காலை கேன் வரவில்லை. போன் பண்ணினேன், ஸ்விட்ச் ஆஃப். போட்டோ இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது. போட்டவர் நீக்கவில்லை என்றால் அட்மினாவது இப்போதே நீக்குங்கள்.