பேயைக் காட்டாமலே பயமுறுத்தலாம்
உயர்தர (ஏ/எல்) வகுப்பு மாணவர்களுக்குத் திகில் குறும்படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்ற யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் அந்த யோசனையில் ஒப்பனைக்குக் கொடுத்த இடத்தில் பாதிகூட ஒலிக்குக் கொடுக்கவில்லையே!

மட்டக்களப்பில் எங்கள் ரியூசன் பெடியள் எடுத்த படத்தில் வெள்ளைச் சேலை, முகம் நிறையப் பவுடர், தலைவிரி கோலம். பேய் வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அதை வெட்டிவிட்டு இருட்டு வாசலையும் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும் சத்தத்தையும் மட்டும் வைத்தோம். திடீரென அந்தச் சத்தமும் நிற்கும். முன்வரிசைப் பிள்ளை பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்திலும் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால்தான் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை அதிகம் காட்டாமல் இசையால் மிரட்டினார்.

மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்துப் நீருக்கடியிலிருந்து வரும் ‘பாடும் மீன்’ சத்தத்தைக் கேட்பார்களே, முதல் வகுப்பை அங்கே வைக்கலாம். எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாத சத்தம்! (லைஃப் ஜாக்கெட் கட்டாயம், சொல்லிவிட்டேன்.)

இரவுக் காட்சியை நடுச்சாமத்தில் எடுக்க வேண்டாம், போனில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். பொழுது மங்கும் நேரத்தில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) குறைத்து எடுத்தால் போதும்.