கடலைப் பொடியும் ஒரு கைப்பிடி மனகோலமும்

பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டுச் சாந்திக் கல்யாணத்தில் நடந்தது இதற்குள் வாட்ஸ்அப்பில் நாலு விதமாகச் சுற்றி வந்திருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள என் ஏழு வயது மகன் முகப்புத் தூணில் சாய்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, கடலை போட்ட மனகோலப் பலகாரத்தை அவன் கையில் திணித்த அயித்தை கேட்டது இதுதான்: "வீட்டில் நீயே தினமும் கடலை கொடுக்கிறாயாமே, நான் கொடுத்தால் மட்டும் ஆகாதா?"

ஆகாது, அயித்தை. நான் கொடுப்பது, கடலைக்கு உடம்பைச் சிறுகச் சிறுகப் பழக்கும் வைத்தியத்துக்காகத் தராசில் நிறுத்த கடலைப் பொடி. மருத்துவமனையில் உட்கார வைத்துச் சில மில்லிகிராமில் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை கூட்டுவதும் அங்கேதான். ஒரு வேர்க்கடலையில் ஏறக்குறைய 250 முதல் 300 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. ஒன்பது மாதம் பாடுபட்டு அரைக் கடலைக்கு வந்திருக்கிறோம். உங்கள் கைப்பிடியில் எத்தனை கடலை இருந்தது, எண்ணினீர்களா? காய்ச்சல் வந்தாலோ, ஓடியாடி உடம்பு சூடானாலோ பழகிய அளவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அன்று அவன் வளவு முற்றமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தான்.

"எங்கள் காலத்தில் இந்த அலர்ஜியெல்லாம் ஏது?" என்று ஒருவர். அந்தச் சொல்லையே 1906-இல் உருவாக்கிவிட்டார்கள். மகரந்த ஒவ்வாமைக்கு மகரந்தத்தையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றும் வைத்தியம் 1911-இலேயே வெளியாகிவிட்டது. நம் ஐயாக்கள் பர்மாவில் கடை நடத்திய காலம் அது.

"சின்னதிலேயே கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும்" என்று இன்னொருவர். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2015-இல் வெளிவந்த லண்டன் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கடலை கொடுத்துவந்தபோது, கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. ஆனால் அது ஒவ்வாமை வருமுன் செய்வது. எட்டு மாதத்தில் முட்டை கொடுத்து இவனுக்கு உடம்பெல்லாம் தடித்தபோது, "இனி எதையும் கொடுக்காதே" என்று என்னைத் திட்டியவர்களும் நீங்கள்தான்.

நானும் ஒன்றும் புத்திசாலி இல்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் பதினெட்டுப் பொருள்களுக்கு எதிரே குறி இருந்தது. பால், கோதுமை, இறால் என்று பதினெட்டையும் நிறுத்திவிட்டேன். பதினான்கு மாதம் பிள்ளைக்கு எடையே ஏறவில்லை. ரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் தெரிந்தால் அது ஒவ்வாமைக்கான சாத்தியம் மட்டும்தான், தின்றால் என்ன ஆகிறது என்பதே முடிவு என்று பிறகு வந்த மருத்துவர்தான் சொன்னார். தோலில் குத்திப் பார்த்து, சந்தேகமானவற்றைத் தம் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தும் பார்த்தார். கடைசியில் மிஞ்சியவை மூன்று: வேர்க்கடலை, முந்திரி, முட்டை. இரண்டாவது தம்ளர் பால் கேட்டு அவன் அழுத அன்று நானும் அழுதேன்.

"படித்த திமிர், பிள்ளையைப் பயமுறுத்தி வளர்க்கிறாள்" என்பது என் காதுக்கும் வந்தது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட கை என்னுடையது, அது நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை. பந்தியில் நூறு பங்காளிகள் இருந்தார்கள். பலகாரம் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் பொரித்தது, தம்பிக்கு வேண்டாம் என்று காலையிலேயே என்னைத் தேடி வந்து சொன்னவர் சமையற்காரர் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் எந்த உறவும் இல்லை.

அன்று இரவு முழுக்க மருத்துவமனையில் இருந்தோம். அரைக் கடலையிலிருந்து அளவை மறுபடி கீழே இறக்கிவிட்டார்கள்.

நேற்று அயித்தை போன் செய்தார். பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் என்று நினைத்து எடுத்தேன். சாந்தி வீட்டு எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்கள் காரில் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்திருக்கிறது. உள்ளே மனகோலம் இருந்தது. கொட்டிவிட்டு, இரண்டு தடவை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். யாராவது வந்து எடுத்துப் போகலாம்.