எட்டுக்குள் ஊன்றிய கால்

என் தங்கை மகன் சென்ற மாதம் இருசக்கர வாகன உரிமத்துக்கான தேர்வில் தோற்றுப்போனான். எட்டு போடும்போது இரண்டாவது வளைவில் வண்டி சாய, இடது காலை ஒரு நொடி தரையில் ஊன்றிவிட்டான்; ஆய்வாளர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். தோற்றதில் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. அவனுக்கு முன்னும் பின்னும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் வழியாக வந்தவர்களில் சிலர், இரண்டு கால்களையும் துடுப்புப் போலத் தரையில் தள்ளிக்கொண்டே எட்டைச் சுற்றி வந்து தேர்ச்சி பெற்றதைப் பார்த்ததில்தான் அவனுக்குக் கொதிப்பு. "மாமா, இது ஓட்டத் தெரிந்தவனுக்குக் கொடுக்கிற சீட்டு இல்லை. கப்பம் கட்டியவனுக்குக் கொடுக்கிற ரசீது" என்றான்.

அவன் அதோடு நிறுத்தவில்லை. வண்டி அவன் சம்பாத்தியத்தில் வாங்கியது, சாலை வரி கட்டியாயிற்று, காப்பீடும் எடுத்தாயிற்று, அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு நாடு முழுவதும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையைத் தந்திருக்கிறது, அப்படியிருக்க, சொந்த வண்டியைச் சொந்தத் தெருவில் ஓட்டுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி எதற்கு என்று கேட்டான். அதே உறுப்பின் 5-ஆவது உட்பிரிவு பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க இடம் கொடுத்திருக்கிறது என்று நான் சொன்னேன். "இதில் நியாயம் எங்கே இருக்கிறது?" என்று அவன் திருப்பிக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலை எழுதிப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பதிவு.

பதில் வராததற்கு என் சொந்தக் கதையும் ஒரு காரணம். நான் கார் உரிமம் வாங்கிய காலத்தில் எங்கள் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்வோம். பயிற்சிப் பள்ளியின் பழைய அம்பாசடரில் எங்களில் நான்கு பேரை ஏற்றி, ஆளுக்கு ஐம்பது அறுபது மீட்டர் ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்றுநரின் காலடியில் இன்னொரு பிரேக்கும் இன்னொரு கிளட்சும் இருந்தன. என் முறை வந்தபோது வண்டியை ஓட்டியது பெரும்பாலும் அவருடைய கால்கள்தான். பின்னோக்கி எடுக்கவோ, மேட்டில் நிறுத்தி எடுக்கவோ யாரும் சொல்லவில்லை. ஆய்வாளர் மரத்தடியில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். உரிமம் கைக்கு வந்து ஓராண்டு வரை நான் மழை நாளில் வண்டியை வெளியே எடுத்ததில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அரசாங்கத்துக்குத்தான் தெரியவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. மரியான் பெர்ட்ரண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நான்கு பொருளாதார அறிஞர்கள் தில்லியில் உரிமம் பெற வந்த 822 பேரைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. விண்ணப்பதாரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, விரைவில் உரிமம் வாங்கினால் வெகுமதிப் பணம். இன்னொரு குழுவுக்கு இலவசமாக ஓட்டுநர் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. உரிமம் கிடைத்தவர்களைப் பிறகு ஆய்வுக் குழுவே தனியாக ஓட்டச் சொல்லிச் சோதித்தபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓட்டத் தகுதி இல்லை. பாதிக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கே போயிருக்கவில்லை. சராசரியாக அரசுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவழித்திருந்தார்கள். நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்ட குழுவைவிட, பணத்துக்காக அவசரப்பட்ட குழுவினரே அதிகமாக உரிமம் பெற்றார்கள். தரகர் இல்லாமல் நேரே போனவர்களை, அவர்கள் ஓட்டும் திறமைக்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லாதபடி அதிகாரிகள் தோற்கடித்திருந்தார்கள். என் மருமகன் மைதானத்தில் நின்று கண்டதை இந்த ஆய்வு அட்டவணை போட்டுக் காட்டியிருந்தது.

அந்த ஆய்வில் எனக்கு மறக்காமல் இருப்பது இன்னொரு செய்தி. தரகர்களால் ஓட்டுநர் தேர்வைத் தாண்டிப் போக முடிந்தது. வயதுச் சான்றையும் முகவரிச் சான்றையும் தாண்டிப் போவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. குடும்ப அட்டை இல்லாதவனை வாசலில் தடுத்து நிறுத்திய அதே அலுவலகம், பிரேக் எது ஆக்சிலரேட்டர் எது என்று தெரியாதவனை உள்ளே விட்டது. சாலையில் எதிரே வருகிறவனுக்கு என் முகவரியால் என்ன பயன்?

ஆனால் இதிலிருந்து உரிமமே வேண்டாம் என்ற முடிவுக்கு அவன் தாவியதை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்வில்லாத உரிமத்தை ஒரு நாடு முப்பது ஆண்டுகள் நடத்திப் பார்த்திருக்கிறது. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து ஷில்லிங் கட்டினால் உரிமம் கிடைத்தது. யாரும் யாரையும் ஓட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. ஓட்டுபவர் யார் என்று அடையாளம் காண்பதற்கான சீட்டாக மட்டுமே அது இருந்தது. 1934-இல் அந்த நாட்டுச் சாலைகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூன் 1 முதல் தேர்வு கட்டாயமாயிற்று. காசு கட்டிச் சீட்டு வாங்கும் முறை போதாது என்று அவர்கள் விட்டுவந்த இடத்துக்குத்தான், சட்டத்தில் தேர்வை வைத்துக்கொண்டே நாம் போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

சுதந்திரம் என்று பேசும்போது நாம் எப்போதும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரின் சுதந்திரத்தையே எண்ணுகிறோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவர்களும் 19-ஆவது உறுப்பின்படி தடையின்றிச் சென்றுவரும் உரிமை பெற்றவர்கள்தாம். அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். புறவழிச்சாலையின் நடுத்திட்டில் காய்கறிப் பையோடு நின்று, கடக்கலாமா வேண்டாமா என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியிடம் போய் உரிமம் என்பது சுதந்திரத்துக்கு விரோதமானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதே ஆண்டின் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. மரணங்களில் சுமார் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு எட்டு போடத் தெரிந்திருக்கும். இன்னும் பத்து எட்டு போடச் சொன்னாலும் போடுவான். ஆகவே உரிமத்தின் பாதி வேலை அதைக் கொடுக்கும் நாளில் நடக்கிறது என்றால், மீதிப் பாதி அதைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் நடக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு (அரசியலமைப்பு உறுப்பின் எண்ணும் இதுவும் ஒன்றே என்பது தற்செயல்தான்) உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தருகிறது. உரிமதாரரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2023-இல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக் சாகசம் செய்து விழுந்த பிரபல யூடியூபர் ஒருவரின் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டபோது, அவருடைய ரசிகர்கள் அதைப் பழிவாங்கல் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வி கேட்டு, விளக்கம் பெற்று, எழுத்தில் காரணம் சொல்லிப் பறிப்பது சட்டத்தின் வேலை; சாலையோரத்தில் நிறுத்தி, உரிமத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுவது வேறு.

உரிமத்தின் பெயரால் உண்மையிலேயே சுதந்திரம் பறிபோன இடங்கள் உண்டு. அவற்றை மருமகன் சொல்லவில்லை, நான்தான் அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன். சரக்கு வாகனமும் பயணியர் வாகனமும் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றொரு விதி 2019 வரை இருந்தது. ஹரியானாவின் மேவாத் பகுதியில் பள்ளிக்கூடம் போகாமல் ஓட்டுநர் தொழிலையே நம்பி வாழும் மக்களுக்காக அந்த மாநில அரசு கேட்டுக்கொண்ட பிறகுதான் அது நீங்கியது. ஏழாம் வகுப்போடு நின்றவனின் கால் பிரேக்கை மெதுவாக மிதிக்குமா என்ன? காது கேளாதவர்கள் தேர்வு மைதானத்துக்குள் நுழையவே 2011-இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மிதமான நிறக்குருடு உள்ளவர்களுக்கு 2020-இல்தான் கதவு திறந்தது. சிறிய கார் உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தை ஓட்டத் தனி அனுமதி வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அத்தகையவர்களால் விபத்து கூடியது என்பதற்குப் புள்ளிவிவரம் எதையும் யாரும் காட்டவில்லை என்பதையும் அது குறிப்பிட்டது. 'பேட்ஜ்' என்ற அந்தத் தனி அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்தால் காப்பீட்டு நிறுவனங்களோடு மல்லுக்கட்டிய எத்தனை குடும்பங்கள்! இந்தத் தடைகளில் எதுவும் யாருடைய உயிரையும் காத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கிராமத்துப் பிள்ளைகளின் விஷயத்தில்தான் எனக்கு மனம் இரண்டாகப் பிரிகிறது. பதினாறு வயது நிரம்பியவர், கியர் இல்லாத 50 சிசிக்கு மிகாத வண்டியை ஓட்டலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. பழைய டிவிஎஸ் 50 ஓடிய காலத்தில் அதற்கு ஒரு பொருள் இருந்தது. இன்று கடையில் கிடைக்கும் எக்ஸ்எல் வண்டியே ஏறத்தாழ 100 சிசி. கதவு திறந்திருக்கிறது, அதன் வழியே உள்ளே கொண்டுபோக வண்டிதான் இல்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருக்கும் ஊரில், சிறப்பு வகுப்பு முடிந்து வரும் பிள்ளை அப்பாவின் வண்டியை எடுத்துத்தான் போகிறது. 2019-இன் திருத்தத்தின்படி அந்த அப்பாவுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. 2024 மே மாதம் புனேவில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் பைக்கில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றபோது, இந்தக் கடுமை ஏன் தேவை என்று எல்லோருக்கும் புரிந்தது; முந்நூறு சொற்களில் கட்டுரை எழுது என்று சொல்லி முதலில் ஜாமீன் கொடுத்ததும் நினைவிருக்கும். அந்தக் காருக்கும் மாலைப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளையின் மொபெட்டுக்கும் சட்டத்தில் ஒரே பிரிவு. அந்த ஊருக்கு ஏழு மணிக்கு ஒரு பேருந்தை விட்டுவிட்டு அப்பாவைக் கைது செய்தால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

தேர்வைத் தேர்வாக நடத்த முடியாதா என்றால், முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் 2024-இல் போக்குவரத்து அமைச்சர் கணேஷ் குமார், ஓர் ஆய்வாளர் ஒரு நாளில் முப்பது பேருக்கு மேல் சோதிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். கணக்கு எளிமையானது: ஒருவரை உண்மையாக ஓட்டவைத்துப் பார்க்கப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும், நூறு பேரை ஒரு நாளில் தேர்ச்சி பெறவைத்தால் யாரையும் பார்க்கவில்லை என்று பொருள். பயிற்சிப் பள்ளி உரிமையாளர்கள் மாநிலம் முழுவதும் போராட்டத்தில் இறங்க, எண்ணிக்கை நாற்பதாயிற்று. நம் ஊரில் இப்படி ஒரு போராட்டம் நடக்கும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். நியூசிலாந்து 1987 முதல் செய்வது போல, புதிதாகக் கற்ற இளைஞருக்கு முதலில் இரவு ஓட்டத்துக்கும் உடன் ஆள் ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு வைத்து, படிப்படியாக முழு உரிமம் தரும் முறை நமக்கும் வேண்டும். இதை மருமகனிடம் சொன்னபோது, "இருக்கிற கப்பத்துக்கு இன்னும் இரண்டு தவணையா?" என்றான். அலுவலகம் இப்போதிருப்பது போலவே இருந்தால் அவன் சொல்வதுதான் நடக்கும்.

தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்பது விதி. அம்மா திட்டியதால் அவன் பயிற்சிப் பள்ளியில் விசாரித்திருக்கிறான். ஒரு தொகை சொல்லி, "காலை ஊன்றினாலும் பரவாயில்லை தம்பி" என்றார்களாம். அவன் இன்னும் பணம் கட்டவில்லை. நேற்று மாலை எங்கள் தெருக்கோடியில் இருக்கும் காலி மனையில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து, இருட்டும்வரை சுற்றிக்கொண்டிருந்தான். பதினோரு முறையில் இரண்டு முறை கால் ஊன்றினான். எண்ணியது நான்தான்.